குளத்தில் கிடப்பது அதே தண்ணீர் இல்லை: முதியோர் வறுமை, ஓர் எளிய விளக்கம்

முதியோர் பென்ஷன் பற்றி டீக்கடையில் பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சி, "மாசம் பொறந்தா பணம் வருது, அரிசி சும்மா, பொம்பளையாளுக்கு பஸ்ஸும் சும்மா. இதுக்கு மேல என்ன ஏழை?" என்று கேட்கும். மறு கட்சி, "வயசானா கையேந்த வேண்டியதுதான், அது எப்பவும் உள்ளதுதான" என்று பெருமூச்சு விடும். பார்க்க எதிரும் புதிருமாகத் தெரிந்தாலும் இரண்டு பேச்சுக்கும் அடியில் கிடப்பது ஒரே நினைப்பு: ஏழை முதியவர் என்றால் ஒரே ஆள், ஒரே இடத்தில், அசையாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது.

என் அப்பா தென்காசிப் பக்கம் கிராமத்துத் தபால்காரர். முதியோர் உதவித்தொகை, அதாவது ஊரில் எல்லாரும் சொல்லும் ஓ.ஏ.பி. பணம், மணியார்டராக வந்த காலத்தில் மாதா மாதம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர். அவர் கையில் இருந்த பட்டியலில் பேர்கள் மாறிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை மட்டும் அநேகமாக மாறாது. சின்ன வயதில் எனக்கு இது விளங்கவில்லை. பேர் மாறுகிறது, எண் மாறவில்லை என்றால் ஊரில் வறுமை குறைகிறதா, கூடுகிறதா, அப்படியே இருக்கிறதா?

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே அடியிலிருந்து சொல்லப் பார்க்கிறேன்.

குளமும் வாய்க்காலும்

எங்கள் ஊர்க் குளத்துக்கு மேற்கே இருந்து ஒரு வாய்க்கால் வரும். கீழே மடை. நிறைந்தால் மறுகால் பாயும். ஐப்பசியில் ஒருநாள் போய்ப் பார்க்கிறீர்கள், தண்ணீர் ஆறாவது படியில் நிற்கிறது. ஒரு மாதம் கழித்துப் போகிறீர்கள், அதே ஆறாவது படி. "தண்ணி அப்படியே கிடக்கு" என்பீர்கள். ஆனால் அந்த ஒரு மாதத்தில் வாய்க்கால் வழியே எவ்வளவோ வந்து, மடை வழியே எவ்வளவோ போயிருக்கும். வந்ததும் போனதும் சமமாக இருந்ததால் மட்டம் மாறவில்லை.

வறுமைப் புள்ளிவிவரம் என்று செய்தித்தாளில் வருவது இந்தப் படிக்கணக்கு. ஒரு குறிப்பிட்ட நாளில் எத்தனை பேர் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று மட்டும் அது சொல்லும். அந்த வருடத்தில் புதிதாக எத்தனை பேர் ஏழைகளானார்கள் என்பது நுழைவு. எத்தனை பேர் ஏழ்மையை விட்டு மீண்டார்கள் என்பது வெளியேற்றம். இரண்டும் படியில் தெரியாது. வாய்க்காலிலும் மடையிலும் போய் நின்று பார்க்க வேண்டும்.

ஏன் அவ்வளவு சிரமப்பட வேண்டும்? மட்டம் ஏறுகிறது என்றால் செய்ய வேண்டிய காரியம் இரண்டு இடத்தில் இருக்கலாம். வரத்து கூடியிருந்தால் மேற்கே போய்த் தடுக்க வேண்டும். மடை அடைபட்டிருந்தால் கிழக்கே போய்ச் சேறு வார வேண்டும். படியை மட்டும் பார்த்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கினால் எந்தத் திசையில் நடப்பது?

மேன்ஷன் கணக்கு

இன்னொரு குழப்பம் இருக்கிறது. "வறுமை தற்காலிகம், வரும் போகும்" என்று சிலர் சொல்வார்கள். "ஒருதரம் விழுந்தா எழவே முடியாது" என்று சிலர். இரண்டு பேரிடமும் ஆதாரம் இருக்கும். இது எப்படி?

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து அறை. ஒன்பது அறையில் வருஷக்கணக்கில் தங்கியிருக்கும் ஆட்கள். மீதி ஓர் அறை மட்டும் தினவாடகை. இன்டர்வியூவுக்கு வந்தவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்று தினம் ஒருவர். இன்றிரவு போய்க் கதவைத் தட்டினால் பத்தில் ஒன்பது பேர் நிரந்தரவாசிகள். ஆனால் வருடக் கடைசியில் ரிஜிஸ்டரைப் புரட்டினால் மொத்தம் 374 பேர் தங்கியிருக்கிறார்கள், அதில் 365 பேர் ஒரே இரவு தங்கியவர்கள். "இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் நெடுநாள் வாசிகள்" என்பதும் உண்மை. "இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் ஒருநாள் விருந்தாளிகள்" என்பதும் உண்மை.

ஒருவர் தொடர்ந்து ஏழையாக இருக்கும் கால அளவை வறுமைக் காலம் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மேரி ஜோ பேன், டேவிட் எல்வுட் என்ற இருவர், ஒரே குடும்பங்களை 1968 முதல் பின்தொடர்ந்த ஆய்வை வைத்து 1986இல் இதே கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். எப்போதாவது ஏழையானவர்களில் பெரும்பாலோருக்கு வறுமைக் காலம் குறுகியது. ஒரு குறிப்பிட்ட நாளில் ஏழையாக இருப்பவர்களிலோ பெரும்பாலோர் நீண்ட காலத்தின் நடுவில் இருப்பவர்கள்.

முதியோருக்கு இந்த மேன்ஷனில் ஒரு வித்தியாசம் உண்டு. இளவட்டம் ஒருவன் அறைக்குள் வந்தால் வேலை கிடைத்ததும் காலி செய்துவிடுவான். எழுபது வயதில் வந்தவருக்கு அப்படிக் காலி செய்யும் காரணங்கள் குறைவு. ஆகவே அவர் தினவாடகைக்கு வந்தாலும் நிரந்தரவாசியாகிவிடும் ஆபத்து கூடுதல்.

சுருக்கிச் சொன்னால், ஏழைகளின் எண்ணிக்கை என்பது மட்டம். அதை ஏற்றுவதும் இறக்குவதும் நுழைவும் வெளியேற்றமும். உள்ளே போனவர் எவ்வளவு நாள் இருக்கிறார் என்பது தனிக்கேள்வி.

கோடு எங்கே போட்டிருக்கிறது?

உள்ளே, வெளியே என்று சொல்ல ஒரு வாசல்படி வேண்டுமே. அதுதான் வறுமைக்கோடு: ஒரு மனிதர் மாதம் குறைந்தபட்சம் இவ்வளவாவது செலவழிக்க முடிந்தால் ஏழை இல்லை என்று அரசோ நிபுணர் குழுவோ வகுத்த தொகை. டெண்டுல்கர் குழு முறைப்படி 2011–12க்குத் தமிழ்நாட்டில் வகுத்தது கிராமத்தில் தலைக்கு 880 ரூபாய், நகரத்தில் 937 ரூபாய்.

இதில் ஒரு வேடிக்கை. அதே 2011இல்தான் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 500இலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. தனியாக வாழும் ஒரு பாட்டி அந்த ஆயிரத்தை மட்டும் வாங்கிச் செலவழித்தால், வேறு சல்லிக்காசு இல்லாவிட்டாலும், காகிதத்தில் அவர் ஏழை இல்லை! கோட்டைத் தாண்டுவதும் கரையேறுவதும் வேறு வேறு என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று, நான் அடிக்கடி எரிச்சல்படும் விஷயம். நம் நாட்டில் வறுமையை வருமானத்தை வைத்து அளப்பதில்லை, செலவை வைத்து அளக்கிறார்கள். அன்றாடங்காய்ச்சிகளின் வருமானத்தை ஒழுங்காகக் கேட்டு வாங்க முடியாது என்பது அதற்குச் சொல்லும் காரணம், நியாயமான காரணம்தான். ஆனால் மருத்துவச் செலவும் செலவுதான். கம்மலை அடகு வைத்து ஆஸ்பத்திரியில் எட்டாயிரம் கட்டிய மாதத்தில் அந்தக் கணக்குப்படி பாட்டி கோட்டுக்கு மேலே போய்விடுவார். வாழ்க்கையில் அவர் சறுக்கிய மாதம் அது, ஏட்டிலோ ஏறிய மாதம். முதியோர் விஷயத்தில் இந்தக் கோளாறு மற்றவர்களைவிட அதிகமாகக் கடிக்கும், ஏனென்றால் மருந்துச் செலவு அவர்களுக்குத்தான் அதிகம்.

ஓர் ஆச்சியின் ஆறு வருடம்

இனி ஒரு கணக்கு. ஆள் கற்பனை, தொகைகளும் கணக்குக்காக எடுத்தவை. ஆனால் எங்கள் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இந்த ஆச்சியைப் பார்க்கலாம். கோடு தலைக்கு மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வருடம். தாத்தா ஒரு மில்லில் வாட்ச்மேன், மாதம் 6,000. ஆச்சி திண்ணையில் கால் நீட்டி, மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார். காலையில் பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, இலையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து, கத்தரியால் அளவாக நறுக்கி, தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றி, இருபத்தைந்து பீடியாகக் கட்டுப் போட வேண்டும். ஆச்சிக்கு மாதம் 2,000 வருகிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து 8,000, தலைக்கு 4,000. கோட்டுக்கு மேலே, நிம்மதியாக.

ஒரு சின்ன சங்கதி: ஆச்சி சுற்றுவது வேறொருத்தியின் பாஸ்புத்தகத்தில், அதாவது பீடிக்கடை தொழிலாளியின் பேரில் போட்டுக் கொடுக்கும் கணக்குப் புத்தகத்தில். சொந்தப் பாஸ் இருந்திருந்தால் பி.எஃப். பிடித்திருப்பார்கள், 58 வயதுக்குப் பிறகு அதிலிருந்து ஒரு பென்ஷனும் வந்திருக்கும். அந்தப் பென்ஷன் குறைந்தது மாதம் 1,000 என்று 2014 செப்டம்பரிலிருந்து விதி இருக்கிறது. ஆச்சிக்கு அதெல்லாம் கிடையாது. முப்பது வருடத்துக்கு முன் நடந்த இந்த ஏற்பாடு இன்னும் சில வருடத்தில் அவரை வந்து கடிக்கும்.

இரண்டாம் வருடம் தாத்தா தவறிவிடுகிறார். ஆச்சி கையில் 2,000. சரியாகக் கோட்டின் மேல். தின்ன ஒரு வாய் குறைந்ததே என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். வீட்டு வாடகை பாதியாகாது. ஒரு விளக்கு எரிந்த இடத்தில் இப்போதும் ஒரு விளக்கு. இருவருக்கு வைத்த உலைக்கும் ஒருவருக்கு வைத்த உலைக்கும் காஸ் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. இருவராக இருந்தால் மிச்சமாகும் செலவு, தனி ஆளானதும் தலையில் விழுகிறது.

மூன்றாம் வருடம் கண்ணில் புரை. பீடி பாதியாகக் குறைகிறது, மாதம் 900. கோட்டுக்குக் கீழே. இதுதான் நுழைவு. யாரும் தண்டோரா போடவில்லை. பீடிக்கடையில் "ஆச்சி, தூள் கொட்டியிருக்கு, பாதிக் கட்டு கழிவு" என்று சொன்ன அன்று நடந்துவிட்டது.

நான்காம் வருடம் ஓ.ஏ.பி. கிடைக்கிறது, 1,200. பீடி 900. மொத்தம் 2,100. வெளியேற்றம்! நூறு ரூபாய் வித்தியாசத்தில்.

ஐந்தாம் வருடம் பீடி சுற்றுவது அறவே நின்றுபோகிறது. 1,200 மட்டும். மறுபடி நுழைவு. ஆறாம் வருடம் மருமகளிடம் மனத்தாங்கல் தீர்ந்து மகன் திருப்பூரிலிருந்து மாதம் 1,000 அனுப்புகிறான், 2,200. மறுபடி வெளியேற்றம்.

ஆறு வருடத்தில் இரண்டு முறை விழுந்து இரண்டு முறை எழுந்திருக்கிறார். நான்காம் வருடமும் ஆறாம் வருடமும் மட்டும் வீட்டுக் கதவைத் தட்டிய கணக்கெடுப்பாளர் இருமுறையும் "ஏழை இல்லை" என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். அதுவும் பொய்யில்லை. ஆனால் எழுந்தபோதெல்லாம் கோட்டை ஒட்டித்தான் நின்றார், விழுந்தபோதோ கோட்டுக்கு வெகு கீழே போனார் என்பதைப் பாருங்கள். கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறார் என்பதை வறுமை ஆழம் என்பார்கள். மூன்றாம் வருடம் ஆழம் 1,100, ஐந்தாம் வருடம் 800. முழங்கால் ஆழத்துக்கும் கழுத்தளவு ஆழத்துக்கும் உள்ள வித்தியாசத்தை "உள்ளே, வெளியே" கணக்கு காட்டாது.

இறங்கும் வழி ஒன்று, ஏறும் வழி இன்னொன்று

பரமபதம் ஆடியிருப்பீர்கள். பாம்பு இருக்கும் கட்டத்தில் ஏணி இருக்காது. வறுமையிலும் அப்படித்தான். ராஜஸ்தான், குஜராத், ஆந்திரம் என்று பல ஊர்களில் கிராமம் கிராமமாகப் போய், "இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் குடும்பம் எப்படி இருந்தது, இப்போது எப்படி?" என்று ஊர்க்காரர்களையே உட்காரவைத்துக் கேட்ட ஆய்வாளர் அனிருத் கிருஷ்ணா. ஒரே ஊரில், ஒரே காலத்தில், சிலர் ஏறிக்கொண்டிருந்தார்கள், சிலர் இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அவர் கண்டார். இறங்கியவர்கள் சொன்ன காரணங்களில் முன்னால் நின்றது நோயும் அதற்கான செலவும். ஏறியவர்களின் காரணமோ வேறு: கூடுதலாக ஒரு வருமான வழி. நோய் வந்தால் ஏழையாவார்கள் என்பதால், நோய் வராவிட்டால் பணக்காரராகிவிட மாட்டார்கள். பாம்பைக் கொல்வது ஒரு வேலை, ஏணி வைப்பது தனி வேலை.

முதியோருக்கு உள்ள பாம்புகளை ஆச்சி கதையிலேயே பார்த்தோம்: துணை இழப்பு, உடல் தளர்ச்சி, மருத்துவச் செலவு. ஊருக்குத் தெரிந்த இன்னொரு பாம்பு, வீட்டை எழுதிக் கொடுப்பது. செட்டில்மெண்ட் பத்திரத்தில் கைநாட்டு வைத்த மறுநாளும் பாட்டி அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார், ஆனால் பிடிமானம் போயிருக்கும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 இதற்காகவே ஒரு பிரிவு வைத்திருக்கிறது: கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையின் பேரில் எழுதிக் கொடுத்து, கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். மகன் மேல் மனு கொடுக்கப் போகும் தாய் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். பத்திரம் எழுதும்போதே அந்த நிபந்தனையை ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள் என்பதுதான் நான் தெரிந்தவர்களுக்குச் சொல்வது.

ஆனால் எல்லாப் பாம்பும் சீறிக்கொண்டு வராது. சத்தமே இல்லாத பாம்பு விலைவாசி. ஆயிரம் ரூபாய் என்று 2011இல் வைத்த உதவித்தொகை 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆனது. இடையில் பன்னிரண்டு வருடம். விலை வருடத்துக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக் கணக்குப் போட்டால் பன்னிரண்டு வருடத்தில் எல்லாம் இரண்டு மடங்காகும். அதாவது ஆயிரத்தைக் கையில் வைத்திருந்த ஆச்சி, ஒரு நாளும் தவறாமல் பணம் வாங்கிக்கொண்டே, ஐந்நூறு ரூபாய்ச் சரக்கு வாங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பார். அவருக்கு நோய் வரவில்லை, யாரும் கைவிடவில்லை. தரை மட்டும் மெல்ல இறங்கியது. மத்திய அரசின் பங்கு இன்னும் மோசம்: 1995 ஆகஸ்ட் 15இல் 75 ரூபாயில் தொடங்கி, 2006இல் 200 ஆனது, 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு அதற்குப் பிறகு அந்த 200 அசையவில்லை. எண்பது தாண்டியவர்களுக்கு மட்டும் 2011இல் 500 ஆக்கினார்கள்.

பென்ஷன் இருந்தும் ஏன் ஏழை என்று கேட்கும் முதல் கட்சிக்கு இதில் பதில் இருக்கிறது. பென்ஷன் ஏணிதான். விலைவாசியோடு சேர்ந்து அது உயராவிட்டால், ஏணியின் அடிப்படிகள் வருடா வருடம் மண்ணுக்குள் போய்விடும்.

மறுபக்கம் எல்லா ஏணியும் பணமாக இருக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாதா மாதம் மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த பணம் மிச்சமானால் அதுவும் வருமானம் கூடியது போலத்தான். புரை அறுவை சிகிச்சையோ நேரடியாகவே ஏணி: கண் தெரிந்தால் பீடி சுற்றலாம்.

வயதானால் வறுமை விதியா?

இனி இரண்டாவது கட்சி. இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் 1899இல் சீபோம் ரவுன்ட்ரீ என்பவர், சாக்லேட் கம்பெனி குடும்பத்துப் பிள்ளை, தொழிலாளர் வீடுகளைக் கணக்கெடுத்தார். ஒரு கூலிக்காரரின் வாழ்வில் பஞ்சமும் பசுமையும் மாறி மாறி ஐந்து கட்டமாக வருகிறது என்று காட்டினார். குழந்தைப் பருவத்தில் பஞ்சம். சம்பாதிக்கத் தொடங்கியதும் பசுமை. கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்ததும் மறுபடி பஞ்சம். பிள்ளைகள் சம்பாதித்தால் பசுமை. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய், தன் கையும் ஓய்ந்ததும் கடைசிப் பஞ்சம். நம் ஊர்க்காரர் யாரிடம் சொன்னாலும் "இதுல என்ன கண்டுபிடிப்பு?" என்பார்கள். ஆனால் அது எண்ணாக அச்சில் வந்ததற்குப் பலன் உண்டு. பிரிட்டனில் 1908இல் முதியோர் பென்ஷன் சட்டம் நிறைவேறியபோது, அதற்கு முன் நடந்த வாதங்களில் இந்த மாதிரிக் கணக்குகளுக்குப் பங்கு இருந்தது. 1909 ஜனவரி 1 முதல் எழுபது வயது தாண்டிய ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கொடுத்தார்கள்.

அமெரிக்க உதாரணம் இன்னும் பளிச்சென்று இருக்கும். 1959இல் அங்கே 65 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 35 பேர் அந்த நாட்டு வறுமைக்கோட்டுக்குக் கீழே. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நூற்றுக்கு 10 அளவுக்கு வந்துவிட்டது. முதுமை இளமையாகிவிடவில்லை, மனிதர்கள் பழையபடிதான் மூப்படைந்தார்கள். ஓய்வூதியத் தொகை உயர்ந்தது, 1965இல் முதியோர் மருத்துவக் காப்பீடு வந்தது, 1975 முதல் விலைவாசிக்கு ஏற்ப ஓய்வூதியம் தானே உயர ஏற்பாடு செய்தார்கள். நம் ஆயிரம் ரூபாய் பன்னிரண்டு வருடம் நின்ற கதையோடு இந்தக் கடைசி வரியை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதுவரை வந்த பாதை: முதியோர் விழும் காரணங்கள் வேறு, எழும் காரணங்கள் வேறு. எழுவதற்கான ஏணியை அவர்கள் தாங்களே செய்துகொள்ள முடியாது, மற்றவர்கள் வைக்க வேண்டும். வைத்த ஏணியும் விலைவாசியோடு உயர வேண்டும்.

மகன் வீட்டுச் சோறு

இங்கே ஒரு முடிச்சு. வறுமையைக் குடும்பம் குடும்பமாகத்தான் அளக்கிறார்கள். வீட்டு மொத்தச் செலவை ஆள் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு இவ்வளவு என்பார்கள். தனியாக இருந்த ஆச்சி மகன் வீட்டுக்குப் போனதும், மகன் வீடு கோட்டுக்கு மேலே இருந்தால், ஆச்சியும் அன்றே மேலே போய்விடுகிறார்.

சில வீடுகளில் அது நிஜமான மீட்சி. பேரன் சாப்பிடும் முட்டை ஆச்சி தட்டிலும் இருக்கும். சில வீடுகளில் ஆச்சி தட்டு தனி. கையில் வெற்றிலைக்குக் காசு இருக்காது. பென்ஷன் பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்டால் வீடு அமைதியாகிவிடும். கணக்கெடுப்பு இரண்டு வீட்டுக்கும் ஒரே பதிலைத்தான் எழுதும். வீட்டுக்குள் பங்கு எப்படிப் பிரிகிறது என்று பார்க்க வாசலில் நின்று கேட்கும் கேள்வித்தாள் போதாது.

தன் பேரில் வரும் பணத்துக்கு மதிப்பு அதன் தொகையைவிடக் கூடுதல் என்று அப்பா சொல்வார். மணியார்டர் அன்று திண்ணையில் இருக்கும் பாட்டிக்கு மருமகள் காப்பி போட்டுக் கொடுப்பதை அவர் பல வீட்டில் பார்த்திருக்கிறார். "அன்னைக்கு ஒரு நாளு" என்றும் சேர்த்துக்கொள்வார்.

பட்டியலை விட்டுப் போகிறவர்கள்

கடைசி விஷயம், சொல்லக் கொஞ்சம் சங்கடமானது. இளையவர்கள் விஷயத்தில் வெளியேற்றம் என்றால் நல்ல செய்தி. முதியோர் விஷயத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. போன வருடம் நூறு ஏழை முதியோர், இந்த வருடம் தொண்ணூறு என்றால் பத்துப் பேர் மீண்டார்கள் என்று அர்த்தமா? நாலு பேர் மீண்டிருக்கலாம், ஆறு பேர் இறந்திருக்கலாம். ஏழைகள் சீக்கிரம் சாகிறார்கள் என்றால், சாவே புள்ளிவிவரத்தை அழகாக்கிக் காட்டும்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, அதே ஆட்களைப் பேர் சொல்லித் தேடி, சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது. அதற்குப் பேர் தொடர் ஆய்வு. வழக்கமான கணக்கெடுப்பு ஒவ்வொரு முறையும் புது வீடுகளுக்குப் போகும், படியில் மட்டத்தைப் பார்த்துவிட்டு வரும். தொடர் ஆய்வு ஒவ்வொரு துளியாகப் பின்னால் போகும். இந்தியாவில் முதியோருக்கென்று இப்படித் தொடங்கியது லாசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆய்வு. முதல் சுற்று 2017–18இல் நடந்தது, 45 வயதுக்கு மேற்பட்ட சுமார் 72,000 பேரைப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வுக்கு உயிரே அடுத்தடுத்த சுற்றுகளில்தான் இருக்கிறது.

அப்பாவின் பட்டியல் ஒரு விதத்தில் தொடர் ஆய்வுதான். ஒவ்வொரு மாதமும் அதே வாசல், அதே முகம். ஆள் இல்லாவிட்டால் காரணத்தை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருதரம் ஒரு பாட்டி மகள் பிரசவத்துக்குப் போய் இரண்டு மாதம் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ அவரை இறந்தவராக எழுதியிருந்தார்கள். உயிரோடு இருப்பதை நிரூபிக்க அவருக்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் கணக்குப்படி அவர் "வெளியேறியவர்".

பட்டியலின் எண்ணிக்கை ஏன் மாறாமலே இருந்தது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஊருக்கு இத்தனை பேர் என்று மேலே ஓர் அளவு வைத்திருந்தார்கள். மனுக்கள் கட்டுக்கட்டாகக் காத்திருக்கும். ஓர் இடம் காலியானால்தான் அடுத்தவருக்கு ஆர்டர் வரும்.

கீழத்தெருவில் ஒரு தாத்தா, மனுப் போட்டு இரண்டு வருடம் ஆனவர். மாதம் பிறந்து அப்பாவின் சைக்கிள் மணி கேட்டால் கோயில் வாசலில் இருந்து எழுந்து வருவார். தனக்கு வந்திருக்கிறதா என்று கேட்க மாட்டார். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, வேறொன்று கேட்பார்:

"இந்த மாசம் எதுவும் திரும்பிப் போகுதா தம்பி?"